அண்ணா உளி

என் வீட்டுக்காரர் கொத்தனார். பிரேசர் டவுனில் ஒரு பழைய வீட்டில் ஜன்னலுக்கு இடம் வெட்டப் போயிருந்தார். மண் வைத்துக் கட்டிய கற்சுவர். "மிஷின் வெச்சா சுவரே ஆடிப்போயிடும். உளியாலதான் கொஞ்சங்கொஞ்சமா எடுக்கணும்" என்றார். பிடிக்கும் இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றிய அந்தப் பெரிய உளியை நான்தான் பையில் போட்டேன். ஆடுகிற சுவருக்கு அடியில் நிற்க இவருக்கென்ன தலையெழுத்து என்று காலையிலேயே நினைத்துக்கொண்டேன்.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. தங்கவயல் சுரங்கத்தில் அப்பா மேல் பாறை சரிந்தபோது முதலில் வீட்டுக்கு வந்தது அவர் தொப்பி. ஆள் அப்புறம்தான் வந்தார், துணியில் சுற்றி. அம்மா அந்தத் தொப்பியைக் கை நீட்டி வாங்கினாள். வாங்காமல் இருந்திருந்தால் அப்பா உயிரோடு வந்திருப்பாரோ என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். பைத்தியக்காரத்தனம்தான், இருக்கட்டும்.

மத்தியானம் போன் வந்தது. அவரோடு வேலை செய்யும் கன்னடக்காரர். "அக்கா, கோடெ பித்து ஹோய்த்து. அண்ணா உளி..." அதோடு லைன் கட். சுவர் விழுந்துவிட்டது. அண்ணனுடைய உளி; என் வீட்டுக்காரரை அவர் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? பக்கம்தான். உளி கிடைத்துவிட்டது, ஆளை இன்னும் தேடுகிறார்கள் என்றே ஆட்டோவில் மனம் சொன்னது. சிக்னலில் நிறுத்தியதற்கு ஆட்டோக்காரரைத் திட்டித் தீர்த்தேன்.

கேட்டருகே அந்தக் கன்னடக்காரர் உடம்பெல்லாம் செம்மண்ணோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் என் வீட்டுக்காரரின் பையை நீட்டினார். டியூப் சுற்றிய உளி வெளியே தெரிந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எனக்கு வேணாம். ஆளு எங்க?"

"அண்ணா உளித்ரு அக்கா. போனல்லி அதே ஹேள்தெ."

உளித்ரு. பிழைத்துவிட்டார். போனில் சொன்னதும் அதைத்தானாம். கன்னடத்தில் உளி என்றால் உளியும்தான், பிழைத்திருப்பதும்தான். இத்தனை வருஷம் கன்னடம் பேசியும், கொத்தனார் பெண்டாட்டி காதுக்கு அந்த இரும்பு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

மணல் குவியலுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "பைய வாங்கிக்கயேன்டி. கை ஒடஞ்சிருக்கு, என்னால தூக்க முடியாது."

முதலில் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். அப்புறம்தான் பையை வாங்கினேன்.