எதிர் வேட்பாளருக்கு நான் போட்ட கையெழுத்து

மதியம் ஒன்று நாற்பதுக்கு நகரசபை அலுவலகத்தில் அதிகாரி என் மகளின் வேட்புமனுவைத் திருப்பித் தந்தார். முன்மொழிந்தவர் என்று நான் போட்ட கையெழுத்து செல்லாதாம். ஒருவர் ஒரு வேட்பாளரைத்தான் முன்மொழியலாம். நான் ஏற்கெனவே எதிர் வேட்பாளரை முன்மொழிந்திருக்கிறேனாம்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. போன வாரம் அந்த வேட்பாளரின் கணவர் கன்னடத்தில் அச்சடித்த ஒரு தாளை நீட்டினார். எனக்குக் கன்னடம் படிக்க வராது. சுரங்கம் மூடியதிலிருந்து, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனில் யார் தாள் நீட்டினாலும் அது வீட்டுப் பட்டா கேட்கும் மனுதான். இருபது வருடமாகக் கையெழுத்துப் போடுகிறோம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டேன்.

"பி.காம். படிச்சவதானேம்மா நீ?" என்றாள் மகள்.

எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கியது. ஆனாலும் எதிர் போஸ்டரில் கணவர் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்; வேட்பாளரான மனைவி ஓரத்தில் தபால்தலை அளவு. வேறு யாரும் நிற்கவில்லை. மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள்; மூன்று மணிக்குள் வார்டிலிருந்து இன்னொரு கையெழுத்து வராவிட்டால் தபால்தலை போட்டியில்லாமல் ஜெயித்துவிடும்.

என் கணவர் பெங்களூரில் ஷிப்டில் இருந்தார். மகளை அங்கேயே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்து லைனுக்குப் போனேன்.

முதல் வீட்டில், "அவர கேட்டுட்டு சொல்றேங்க்கா." அவரும் பெங்களூரில். போனை எடுக்கவில்லை.

இரண்டாம் வீட்டில், "எங்கிட்டயும் வாங்கினு போனாருக்கா. அது பட்டா இல்லியா?" ஒரு வேட்பாளருக்கு நாலு செட் மனு வரை போடலாம், செட்டுக்கு ஒருவர் முன்மொழிய வேண்டும்; அந்தக் கணவர் ஜாக்கிரதையாக நாலும் போட்டிருந்தார்.

மூன்றாம் வீட்டில், "மொதல்ல பொண்ண கட்டிக் குடுங்க. கவுன்சிலர் அப்பறம் ஆவட்டும்."

இரண்டு ஐம்பதுக்கு வெறுங்கையோடு திரும்பினேன். வாசலில் எதிர் வேட்பாளரின் கணவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "டென்ஷன் ஆவாதீங்கக்கா, அடுத்த எலெக்ஷன் இல்லியா?" என்றார். வாங்கிக் குடித்தேன், வேறென்ன செய்ய.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் அவருடைய சொந்த அக்கா. எங்கள் லைனில் கடைசி வீடு; நான் வீடு வீடாக அலைந்தது காதுக்கு எட்டியிருக்கிறது. தம்பிக்குத்தான் போடுவார் என்று பயந்து அந்தக் கதவை நான் தட்டவேயில்லை.

தம்பியைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"எங்கிட்டயும் தாள் எடுத்துனு வந்தான். இன்னாடா இதுன்னேன். 'நான் நிக்கிறேங்க்கா'ன்னான். பொம்பள வார்டுல நீ எப்படிடா நிப்பேன்னு அனுப்பிட்டேன். எங்க போடணும், காட்டுங்க."