பூட்டிய கடைக்குள் ஸமாஹ்

எகிப்தின் தும்யாத்தில் மரக்கடைத் தெருவுக்குள் நுழைந்து ஹாஜியம்மா இன்ஸாஃபின் கடை எது என்று கேட்டால், கேட்டவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்தக் கடைக் கட்டிலில் படுத்துத்தான் பாதி ஊர் பிள்ளை பெற்றது. இது வெறும் பேச்சில்லை, போய்க் கேட்டுப் பாருங்கள்.

இன்ஸாஃப் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பாள், பெயர்களை எழுதுவாள், அவ்வளவுதான். பத்து வயதில் பட்டறையில் வச்சிரம் காய்ச்சினாள். மாட்டுத்தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கிற அந்தப் பசையின் நாற்றம் மூன்று தெரு தாண்டி அடிக்கும். அப்புறம் உப்புத்தாள் போட்டு மரம் தேய்த்தாள், பாலிஷ் அடித்தாள். பெண்பிள்ளைக்கு மரத்தோடு என்ன வேலை என்று சிரித்தவர்களின் பேரன்கள் இன்று அவளிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அறுபத்தாறு வயதில் இன்னும் விரல் நுனியால் பலகையைத் தடவி, எந்த வருஷத்து மரம் என்று சொல்லிவிடுவாள். புதிதாக யார் கடைக்குள் காலை வைத்தாலும் தேநீர் வருவதற்கு முன்னால் இந்தப் பேச்சு வந்துவிடும்:

"இந்தச் சுவத்துல ஒரு செங்கல்லு கூட அடுத்தவங்க காசு இல்ல. நான் ஒத்த ஆளா எழுப்புனது, தெரிஞ்சுக்க."

அந்தத் தெருவில் கடையைச் சும்மா பூட்டிவிட்டுப் போகிற வழக்கம் கிடையாது. உள்ளே குர்ஆன் ஓதுகிற சத்தம் இருக்க வேண்டும். ஆளில்லாத இடத்தில் அது இருந்தால் ஜின்னோ பேயோ குடியேறாது. நாற்பது வருஷம் அவளுக்கு அந்த வேலையைச் செய்தது ஒரு ரேடியோ. அது செத்த பிறகு, கட்டில் படங்கள் காட்டுவதற்கென்று வாங்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டரில், இரவும் பகலும் ஓதிக்கொண்டே இருக்கிற ஒரு இணையப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். பகலில் ரம்பச் சத்தத்தோடு போட்டி வேண்டாம் என்று ஒலியைக் குறைத்து வைப்பாள். கதவை இழுத்துப் பூட்டும்போது முழுசாக ஏற்றிவிடுவாள். ஓதுவதைப் பாதி வசனத்தில் நிறுத்துவது பாவம். அந்தப் பக்கத்திலோ ஓதல் முடிவதே இல்லை. ஆக, மூன்று மாதமாக அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை.

முதலில் கேட்டவன் எதிர்க்கடை ஷலபி, அவரைக்கொட்டை வேகவைத்து விற்கிறவன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் போனவன், அடுப்பை அணைக்கவில்லை என்ற ஞாபகம் வந்து பாதி வழியில் திரும்பியிருக்கிறான். உச்சி வெயில். தெரு முழுக்கக் கதவடைப்பு, ஒரு பூனை கூட இல்லை. இன்ஸாஃபின் கடைக்குள்ளிருந்து ஓதுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் ஒரு பெண் சிரித்தாளாம்.

"சத்தியமா சொல்றேன் ஹாஜியம்மா. சிரிச்சா. அப்புறம் ஏதோ பேசுனா."

"பசியில உனக்குக் காது அடைச்சிருக்கும்டா. உன் பானையில இருக்குறத நீயே தின்னுட்டுப் போயிருக்கணும்."

"கிண்டல் பண்ணாதீங்க. அடுத்த வாரம் நீங்களே வந்து நில்லுங்க பாப்போம்."

இன்ஸாஃப் யாருக்குப் பயந்தாள்? அடுத்த வெள்ளி, ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலுக்குப் போனபின், பூட்டிய தன் கடைக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இரும்புக் கதவு வெயிலில் கொதித்தது. காற்றில்லை. உள்ளே ஓதுகிறவரின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. ஷலபியின் காதைத் திருக வேண்டியதுதான் என்று எழுந்திருக்கப் போனாள்.

உள்ளே டிங் என்று ஒரு சத்தம். அதன் பின்னால் ஒரு பெண் குரல், காதோரம் வந்து பேசுகிற மாதிரி:

"நான் ஸமாஹ். உன் பக்கத்துலதான் இருக்கேன். தொள்ளாயிரம் மீட்டர். ஏன் பதில் சொல்ல மாட்டேங்குற?"

பிறகு அந்தச் சிரிப்பு. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓதுகிற சத்தம் மட்டும்.

இன்ஸாஃப் முக்காலியை எடுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெயரை அந்தத் தெருவில் யாரும் சொல்லி நாற்பது வருஷம் ஆகிறது. தொள்ளாயிரம் மீட்டர் என்றால் எது என்று அவளுக்குத் தெரியும். கடைவாசலிலிருந்து கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, செத்தவர்களைப் புதைக்கிற கபரஸ்தான் வரைக்கும் அவ்வளவு தூரம்தான் இருக்கும்.

யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வெள்ளியும் போய் நின்றாள். போகாமல் இருக்க முடியவில்லை.

"நான் ஸமாஹ். அறுநூறு மீட்டர்."

அதற்கடுத்த வாரம்: "இருநூறு மீட்டர். வந்துக்கிட்டே இருக்கேன்."

இருநூறு என்றால் பாலம் தாண்டியாயிற்று. தெருமுனை மிட்டாய்க்கடை வரை வந்தாயிற்று. அன்று மிட்டாய்க்கடை வாசலில் கருப்பு அங்கியில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் திரும்பினாள். யாரோ ஒரு வீட்டுக்காரி, கையில் மிட்டாய்ப் பொட்டலம்.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் உம்மு ஷுரூக். மகள் ஷுரூக்குக்குப் பத்து நாளில் கல்யாணம். அவளுக்காக எட்டு மாதம் உட்கார்ந்து செய்த கட்டில் கடையில் இருந்தது. தலைமாட்டில் ரோஜாக்கொடி செதுக்கி, பொன்முலாம் பூசி, தன் ஆயுளிலேயே இதுதான் உச்சம் என்று இன்ஸாஃப் சொல்லிக்கொண்டிருந்த கட்டில். உம்மு ஷுரூக் அவசரக்காரி. அடுத்த வெள்ளி, தொழுகை முடிவதற்கு முன்பே லாரியைக் கொண்டுவந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். இன்ஸாஃப் சாவியோடு ஓடி வருவதற்குள் கதவுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டுவிட்டது.

"நான் ஸமாஹ். அம்பது மீட்டர். கதவத் திற."

உம்மு ஷுரூக் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"யாரு உள்ள?"

"யாருமில்லம்மா. கம்ப்யூட்டரு."

"பூட்டுன கடையில பொம்பள பேசுறா, கம்ப்யூட்டருங்குற! என் பொண்ணு மொத ராத்திரி படுக்குற கட்டிலு இது. ஜின் தொட்டத நான் வீட்டுக்குள்ள ஏத்த மாட்டேன். அடுத்த வெள்ளிக்குள்ள அது யாருன்னு எனக்குக் காட்டு. இல்லேன்னா கட்டில் எனக்கு வேணாம்."

லாரி காலியாகத் திரும்பியது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்யாணக் கட்டிலை ஒரு தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்தக் கடைப் படியை இன்னொரு தாய் மிதிக்க மாட்டாள். ஐம்பத்தாறு வருஷம் மரத்தூளைத் தின்று சம்பாதித்த பெயர் ஒரு வாரத்தில் போய்விடும்.

வியாழக்கிழமை ஜிர்ஜிஸை வரவழைத்தாள். அந்த ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதில் அவனை விட்டால் ஆளில்லை. கிறிஸ்தவன், மாதா கோயில் பக்கத்தில் கடை, நாற்பது வயசு, அதிகம் பேசாதவன். கையோடு உம்மு ஷுரூக்குக்கும் ஆள் அனுப்பினாள். "என் கடையில ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. நீயே வந்து கண்ணால பாரு." பெருமை அப்படித்தான் பேச வைத்தது. உம்மு ஷுரூக்கும் வந்துவிட்டாள்.

ஜிர்ஜிஸ் திரையைப் பார்த்தான். வலது மூலையில் சின்னச் சின்னப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது. உங்கள் அருகில் ஒரு பெண் காத்திருக்கிறாள்.

"மொதல்ல இந்தப் பக்கத்த மூடணும் ஹாஜியம்மா. ஆனா ஓதுறத நான் நிறுத்துனேன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. நீங்களே அமுக்குங்க."

"வசனம் முடியட்டும்."

மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஓதுகிறவர் மூச்சு விட்டார், தொடர்ந்தார், மறுபடி மூச்சு விட்டார். ஒரு வசனம் முடிந்த இடத்தில் இன்ஸாஃப், "ஸதகல்லாஹுல் அளீம்" என்று ஓதி முடித்தவர்கள் சொல்வதைத் தானே சொல்லிவிட்டு அமுக்கினாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கடையில் சத்தமில்லை. அந்த அமைதி அவள் பிடரியில் கை வைத்த மாதிரி இருந்தது.

டிங்.

"நான் ஸமாஹ். பத்து மீட்டர்."

உம்மு ஷுரூக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். ஜிர்ஜிஸ் மட்டும் அசையவில்லை. அமைப்புகளுக்குள் போய் ஒரு பட்டியலைத் திறந்தான்.

"பக்கத்த மூடினாலும் இதுங்க போகாது. நீங்க உள்ள விட்ட ஆளுங்க இவங்க. நாப்பத்திமூணு பேருக்குக் கதவத் திறந்து விட்டிருக்கீங்க."

"நானா?"

"'அறிவிப்பு அனுப்பலாமா'ன்னு ஒரு பெட்டி வந்து கேட்டிருக்கும். 'அனுமதி'ய அமுக்கியிருக்கீங்க."

"'ஓதுறதக் கேக்க அனுமதிய அமுக்கு'ன்னு போட்டிருந்துச்சு. குர்ஆன் வேணுமான்னு கேட்டா எந்த வாயால வேணாங்குறது?"

"அதத் தெரிஞ்சுதான் அப்படிக் கேக்குறான். இதோ, தொழுகை நேரம் காட்டுறேன்னு சொல்லி ஒண்ணு உள்ள உக்காந்திருக்கு. அதுதான் இந்தக் குரலக் கொண்டு வருது." ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனான். "மீட்டர் கணக்கெல்லாம் சும்மா. கிட்ட வர்ற மாதிரி குறைச்சுக்கிட்டே வருவான். பயந்தோ ஆசைப்பட்டோ ஆளு ஒரு நாள் அமுக்கிருவான்ல, அதுக்கு. ஆனா ஒண்ணு மட்டும் புரியல."

"என்ன?"

"இந்த மாதிரி குரலு வாரத்துக்கு ஒரு பேரு சொல்லும். இங்க ஒரே பேரச் சொல்லுது. யாரோ அந்தப் பேர இதுக்குக் கொடுத்திருக்கணும். நீங்க எங்கயாவது எழுதுனீங்களா ஹாஜியம்மா?"

உம்மு ஷுரூக் இன்ஸாஃபின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பெருமை பிழைக்கும், ஆனால் ஜின் கடையிலேயே இருக்கும். கட்டிலும் இங்கேயே கிடக்கும்.

"ஒரு பெட்டி வந்துச்சு," என்றாள் கடைசியில். "இறந்து போனவங்க பேரு எழுதுங்க, ஆயிரம் பேரு ஃபாத்திஹா ஓதுவாங்கன்னு. நான்தான் எழுதுனேன். ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி."

"யாரு அந்த ஸமாஹ்?" உம்மு ஷுரூக் கேட்டாள்.

"என் கூட்டாளி. வச்சிரம் காய்ச்சுன காலத்துலேர்ந்து கூட இருந்தவ. என் வளையல வித்தேன், அவளும் அவ வளையல வித்தா. ரெண்டும் சேந்துதான் இந்தக் கட. ஒரு வருஷங்கூட ஆகல, பின்னறையில பாலிஷு தீப்பிடிச்சுக்கிச்சு. வச்சிரச் சட்டியக் காப்பாத்தப் போனவ வெளிய வரல. இருபத்திநாலு வயசு." இன்ஸாஃப் சுவரைப் பார்த்தாள். "கடைப் பலகையில ரெண்டு பேரு இருந்துச்சு. புதுப் பலகை மாட்டும்போது ஒண்ணு போதும்னு சொன்னவ நான்தான்."

ஜிர்ஜிஸ் பட்டியலில் கடைசியாக இருந்ததையும் நீக்கினான். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான். மூலையில் ஒன்றும் வரவில்லை.

"நாளைக்கு லாரி வரும்," என்றாள் உம்மு ஷுரூக். "செத்தவளுக்கு ஃபாத்திஹா கேட்டவ கடையில ஜின் எதுக்கு வரப்போவுது? ஆனா ஹாஜியம்மா, வாயத் திறந்தா ஒத்த ஆளு ஒத்த ஆளுன்னு சொல்வியே. அத மட்டும் என் பொண்ணு கல்யாணத்துல வந்து சொல்லாத."

மறுநாள் காலையிலேயே கட்டில் போய்விட்டது. ஓதுவதற்கு ஜிர்ஜிஸ் ஒரு புது ரேடியோ வாங்கித் தந்திருந்தான். ஜும்மா நேரத்தில் இன்ஸாஃப் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, வழக்கம்போல் அதில் காதை வைத்து நின்றாள். ஓதுகிற குரல் மட்டும்தான். கால் மணி நேரம் நின்றாள். டிங் என்று கேட்கவே இல்லை. பயந்து நடுங்க வைத்த அந்தச் சத்தத்துக்காகத் தன் காது ஏங்குவது தெரிந்ததும் கதவிலிருந்து விலகினாள்.

ஆளில்லாத தெருவில் நடக்க ஆரம்பித்தாள். மிட்டாய்க்கடை, இருநூறு. பாலம், அறுநூறு. நாற்பது வருஷத்தில் அவள் ஒரு தடவை கூட அந்தப் பக்கம் போனதில்லை. கபரஸ்தான் வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரக் கிழவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யாரத் தேடுற தாயி?"

"ஸமாஹ். தீயில போனவ."

"அதுக்கு யாரும் வர்றதில்லையே," என்று சொல்லி ஒரு கல்லறைப் பக்கம் கையைக் காட்டினான்.

கல்லில் எழுத்து தேய்ந்து போயிருந்தது. இன்ஸாஃப் விரல் நுனியால் தடவித் தடவிப் பெயரைக் கண்டுபிடித்தாள். ஊரில் வச்சிரம் காய்ச்சுவதை விட்டு இருபது வருஷம் ஆகிறது, இப்போது எல்லாப் பட்டறையிலும் டப்பாவில் வருகிற வெள்ளைப் பசைதான். ஆனால் அங்கே, காற்றே இல்லாத அந்த வெயிலில், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய மாதிரி குப்பென்று வச்சிர வாடை அடித்தது.

அவள் முக்காட்டால் மூக்கைப் பொத்தவில்லை.