அவளை யாரும் கேட்கவில்லை

இந்த ஊர்க்காரர்கள் முதல் சந்திப்பிலேயே தங்கள் விவாகரத்தைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள்; சம்பளம் எவ்வளவு என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். மதுரையில் நேர்மாறு. திருமங்கலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அம்மா, டிக்கெட் வாங்குவதற்குள் "வீட்டுக்காரருக்கு எம்புட்டுத்தா சம்பளம்? சொந்த வீடா, வாடகையா?" என்று கேட்டுவிடுவார். யாரையாவது விரும்பினாயா என்று கேட்க அவருக்குத் தோன்றவே தோன்றாது. அமெரிக்காவின் இந்த ஒஹாயோவுக்கு வந்து வருடங்கள் ஓடியும் இந்தத் தலைகீழ் மரியாதை எனக்குப் பிடிபடவில்லை.

இங்குள்ள நூலகத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஒரு வாசகர் வட்டம் கூடும். ஆங்கிலம் பழகலாமே என்று சேர்ந்தேன். சென்ற மாதம் ஒரு பழைய அமெரிக்க நாவலை எடுத்துக்கொண்டார்கள். காசில்லாத ஒருவன் வசதியான வீட்டுப் பெண்ணை விரும்புகிறான். அவளுக்காகவே செல்வம் சேர்க்கிறான். அவளோ வேறொரு பணக்காரனை மணந்துகொள்கிறாள். அவனை ஓட வைத்தது காதலா, செல்வமா என்று பேச்சு போயிற்று. ஓய்வுபெற்ற செவிலியரான லிண்டா, சந்தேகமில்லாமல் காதல்தான் என்றார். மற்றவர்கள் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தார்கள். நான் தயங்கித் தயங்கி, "அவளை யாரும் கேட்கவில்லை" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. "என் கணவரும் இப்படித்தான். எனக்காகச் சம்பாதித்தார், ஊரில் பெரிய வீடு கட்டினார்" என்று விளக்கப் பார்த்தேன். லிண்டா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "நீ கொடுத்து வைத்தவள்!" என்றார். நான் குறையாகச் சொன்னது அவர்கள் காதில் பெருமையாக விழுந்திருந்தது. என் ஆங்கிலம் அதற்கு மேல் போகவில்லை.

அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பாவுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் வளையல் மொத்த வியாபாரம். ஜமால் மச்சான் அவருடைய தங்கை மகன்; திருமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பெருநாளுக்கு வந்தால் என்னிடம் அதிகம் பேச மாட்டார். நான் டீ கொடுத்தால் ஆறும்வரை கையிலேயே வைத்திருப்பார். குடித்து முடித்தால் கிளம்ப வேண்டுமே. ஒரு நாள் யாரையும் தூது அனுப்பாமல் தானே வந்து பெண் கேட்டார்.

அத்தா கோபப்படவில்லை. "ஏப்பா ஜமாலு, நீ நல்ல புள்ளதான். ஆனா எம்மகள வாடகை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்ப்பா" என்றார்.

"சொந்த வீட்டோட வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டு மச்சான் செருப்பை மாட்டினார்.

திரைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். அவருடைய வாடகை வீட்டை எனக்குத் தெரியும். ஒரே அறை, சமையலுக்கு ஒரு மூலை, ஜன்னலைத் திறந்தால் பஸ் சத்தம். அது எனக்குப் போதும். ஆனால் என்னைக் கேட்பாரில்லை. கேளாமல் சொல்லும் வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை.

மச்சான் சென்னைக்குப் போனார், அங்கிருந்து அமெரிக்கா. அமெரிக்கா என்றதும் அத்தா சொந்த வீட்டுப் பேச்சை மறந்து நிக்காஹ் முடித்து வைத்தார். நான் வந்து இறங்கியது வாடகை அபார்ட்மென்டில்தான். மச்சான் மட்டும் தன் வாக்கை மறக்கவில்லை. பகலில் ஆபீஸ், விடுமுறை நாளில் இன்னொரு வேலை. எங்காவது போய் வரலாம் என்றால், "இன்னும் கொஞ்ச நாள்தான் புள்ள" என்பார். அவர் பேசாத நாட்கள் பெருகின. மதுரை கே.கே. நகரில் வீடு மாடி மாடியாக எழுந்தது.

போன வருடம் பால் காய்ச்சப் போனோம். அத்தா கைத்தடியோடு வந்து ஹாலில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தார். "இம்புட்டுப் பெரிய வீட்டுல யாரு மாப்ள இருக்கப் போறா?" என்றார்.

மச்சான் சிரித்தபடி, "வாடகை வீட்டுக்குப் பொண்ணு தர மாட்டேன்னு சொன்னீங்கள்ல மாமா" என்றார். எத்தனை வருடம் அடக்கி வைத்திருந்த வார்த்தை!

"நானா? எப்ப சொன்னேன்?" அத்தா உண்மையாகவே யோசித்தார். "ஞாபகமே இல்லயே மாப்ள."

மச்சான் முகத்தை நான் பார்த்தேன். அவர் மாடிக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

அந்த நாவலைப் பேசிய செவ்வாய்க்கிழமை நூலகத்திலிருந்து திரும்பியதும், அவர் லேப்டாப் முன் இருக்கும்போதே கேட்டேன். "மச்சான், அன்னைக்கு நீங்க என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"அந்த ஒத்த ரூமுக்கு வந்திருப்பேன்."

அவர் விரல்கள் நின்றன. "இத இப்ப சொல்ற சம்சாத்."

"இப்பத்தான கேக்குறீங்க."

லேப்டாப்பை மூடிவிட்டு, "ஊருக்கே போயிருவோமா?" என்றார். இத்தனை வருடமாக நான் காத்திருந்த கேள்வி. சட்டென்று ஆமாம் என்று வாயில் வரவில்லை. நானே கார் ஓட்டிப் போகும் சாலைகளும், தப்பும் தவறுமாகப் பேசினாலும் காது கொடுக்கிற அந்தச் செவ்வாய்க்கிழமை மேசையும் கண்ணில் வந்து நின்றன. அழுகைதான் வந்தது. எதற்கென்று அவரும் கேட்கவில்லை.

கே.கே. நகர் வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. ஆளில்லாத வீடு என்று தெரியக் கூடாதென்று மச்சான் போனிலிருந்தே விளக்குப் போடவும், கேமராவில் பார்க்கவும் வழி செய்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை இருவரும் காபியோடு உட்கார்ந்தோம். அங்கே மஃரிப் நேரம், விளக்கு வைக்கும் பொழுது. "நீ போடு" என்று போனை என்னிடம் நீட்டினார். தொட்டேன். திரையில் எங்கள் ஹால் பளிச்சென்று விழித்துக்கொண்டது. பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு சோபா, வெறும் சுவர். யாரோ உள்ளே வரக் காத்திருப்பதுபோல் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.