குழந்தை யேசுவின் இடது கால்

ஒரு காலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி அது. இப்போது அலுவலகக் கட்டடம். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் இருக்கும் அந்தக் கட்டடத்தில் மாக்கிரட் பதினாறு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறாள். கணவன் இறந்து ஆறு வருடம். ஒரே மகள் றோஸ் கோப்பன்ஹேகனில் வக்கீல்.

படிக்கட்டுத் திருப்பத்தில், ஆளுயரத்துக்கும் மேலே ஒரு மாடத்தில், மாதா சொரூபம் ஒன்று இருந்தது. மடியில் குழந்தை யேசு. பத்துப் பன்னிரண்டு தடவை வெள்ளை பூசியிருந்ததால் எல்லோரும் அதைச் சாந்துப் பொம்மை என்றே நினைத்தார்கள். மாக்கிரட் செவ்வாய்தோறும் ஏணி வைத்து ஏறித் துடைப்பாள்.

"இண்டைக்கும் றோஸ் போன் எடுக்கேல்லை, மாதாவே" என்பாள். சில வாரங்களில் அவள் வாய்விட்டுத் தமிழ் பேசுவது அவ்வளவுதான்.

போன வருடம் சுவர் திருத்துவதற்காகச் சொரூபத்தை இறக்கப் போனபோது இரண்டு ஆட்களாலும் தூக்க முடியவில்லை. பூச்சு உதிர்ந்த இடத்தில் பளிங்கு தெரிந்தது. கோப்பன்ஹேகன் அருங்காட்சியகத்திலிருந்து கிர்ஸ்டன் என்ற ஆய்வாளர் வந்து, பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி, மூன்று நாள் பார்த்தார்.

"இத்தாலி. அநேகமாகப் புளோரன்ஸ். ஐந்நூற்றைம்பது வருடம் இருக்கும்" என்றார். "ஆனால் எந்தக் கோயிலில் நின்றதோ, அதுதான் தெரியவில்லை."

வாளியோடு நின்ற மாக்கிரட் தன் டேனிஷில் சொன்னாள்: "கோயிலில் உயரத்தில் நின்றிருக்காது. வலது காலில் நகம்கூடத் தெரிகிறது. இடது கால் மட்டும் சவர்க்காரம் மாதிரி வழவழப்பு. ஆட்கள் தொட்டுக் கொஞ்சியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கும் எட்டுகிற இடத்தில் இருந்திருக்கும்."

கிர்ஸ்டன் ரோச் லைட்டின் வெளிச்சத்தை அந்தப் பாதத்தில் பிடித்தார். குந்தியிருந்து இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு வீட்டில்" என்றார் கடைசியில். "தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம்." எழுந்து வந்து மாக்கிரட்டின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த வாரம் சொரூபம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மாடத்தை அடைத்து வெள்ளை பூசினார்கள். மாக்கிரட் அந்தத் திருப்பத்தை இப்போது வேகமாகக் கூட்டிவிட்டு இறங்கிவிடுகிறாள்.

சித்திரையில் அது காட்சிக்கு வந்தது. சேர்ந்து போவோமா என்று மகளைக் கேட்டாள். அடுத்த மாதம் பார்க்கலாம், இப்போது வேலை என்று டேனிஷில் பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை மாக்கிரட் தனியாக ரயில் ஏறினாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சின்னதாகத் தெரிந்தாள். 'அநேகமாகப் புளோரன்ஸ். தேய்ந்த பாதம் இது வீட்டு வழிபாட்டுக்கு உரியது எனக் காட்டுகிறது' என்று பலகையில் எழுதியிருந்தது. தன் பெயர் இல்லாதது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. சுற்றிலும் சனம் நின்றது. வாய்விட்டு எதுவும் சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள். மகளின் வீடு அங்கிருந்து நான்கு பஸ் தரிப்பு. போகவில்லை.

திரும்பும் வழியில், ரயில் வைலே நகரைத் தாண்டும்போது றோஸ் அழைத்தாள். "எங்கே நிற்கிறீங்கள்?" என்று டேனிஷில் கேட்டாள்.

தனியாக வந்துவிட்டுப் போவது தெரிந்தால் பிள்ளை மனம் நோகும் என்று மாக்கிரட் யோசித்தாள்.

"வீட்டிலைதான் பிள்ளை."

"ஏதோ சத்தம் கேட்கிறதே?"

"ரீவியிலை படம் போகுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த தரிப்பிடத்தை அறிவிக்குமுன் அவசரமாகப் போனை வைத்தாள்.