இரவெல்லாம் விழித்திருந்த என் கார்

தியாகராய நகர் நடைபாதையில் ஒரு சாக்கை விரித்து அலுமினியப் பாத்திரம் விற்க ஆரம்பித்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் அதை விட்டேன் என்று சொல்வதுதான் வழக்கம். சாக்கு தள்ளுவண்டி ஆனது, தள்ளுவண்டி கடை ஆனது, கடை மூன்று மாடி ஆனது. மழைத் தண்ணீர் கடைக்குள் புகுந்தபோது, தெருவில் மிதந்து போன அண்டாக்களை இடுப்பளவுத் தண்ணீரில் துரத்திப் பிடித்தேன். மந்தைவெளியில் வீடு கட்டினேன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லோரும் சொன்ன இடத்தில் கிணறு போட்டேன். உப்புத் தண்ணீர்தான் வந்தது, ஆனாலும் போட்டேன். இந்தப் பட்டியலை நான் ஆரம்பித்தால் என் மனைவி காபி போட எழுந்து போய்விடுவாள். அவள் டம்ளரோடு திரும்பி வரும்போது நான் பட்டியலில் கடையின் இரண்டாவது மாடி வரைதான் வந்திருப்பேன்.

இப்பேர்ப்பட்ட ஆளை ஒரு கார் கவிழ்த்துவிட்டது.

கடையை மகனிடம் ஒப்படைத்ததும் அவன் வாங்கிக் கொடுத்த கார் அது. சாவியை நுழைத்துத் திருப்புகிற வேலையே கிடையாது. கூழாங்கல் மாதிரி ஒன்றைத் தந்து, இதுதான் சாவி என்றார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் கிட்டே போனாலே கார் என்னைத் தெரிந்துகொள்ளும். விளக்கைச் சிமிட்டும், மடித்த கண்ணாடிகளை விரிக்கும். எனக்கு வணக்கம் வைக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாரத்துக்கு இரண்டு முறை அந்தக் காரில் கடைக்குப் போவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. போய் இறங்குவதுதான் வேலை. வாடகை வண்டியில் போய் இறங்கினால் நான் யாரோ ஒரு வாடிக்கைக்காரன். என் காரில் போய் இறங்கினால்தான் முதலாளி. அதனால்தான், காலையில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பொத்தானை அழுத்தி, கார் செத்துக் கிடந்தபோதெல்லாம் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இரண்டு மூன்று நாள் சும்மா நின்றாலே பேட்டரி காலி.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். தன் காரிலிருந்து என் காருக்குக் கரண்ட் கொடுக்கிற வயர் அவரிடம் இருந்தது. அந்த வயரை அவர் தோளில் போட்டுக்கொண்டு வருகிற தோரணையை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

"என்ன முதலாளி, இன்னிக்கும் எழுந்துக்கலையா? நம்ம வயருக்கு உங்க ஆத்துலயே ஒரு ஆணி அடிச்சுடுங்கோ. ஒவ்வொரு தரமும் நான் தூக்கிண்டு வர வேண்டாம்."

பேட்டரியை மாற்றினேன். புதுப் பேட்டரியும் படுத்தது. மகன் வந்து தீர்ப்பு சொன்னான்.

"அப்பா, இதான் கடைசி. இன்னொரு தடவ நின்னுச்சுன்னா வித்துடலாம். போன்ல கூப்பிட்டா வாசல்ல வண்டி வந்து நிக்கப் போகுது. இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா ஸ்டீயரிங்?"

சரி என்று சொல்லிவிட்டு, கரண்டைத் திருடுவது யார் என்று நானே துப்பறிய இறங்கினேன். கடையில் என் மீட்டரிலிருந்து கொக்கி போட்ட ஆளையே பிடித்தவன் இல்லையா நான். முதல் சந்தேகம் டிக்கி விளக்கின் மேல். டிக்கியை மூடிய பிறகும் அது உள்ளே எரிந்துகொண்டிருந்தால்? போனை உள்ளே வைத்துப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றாள் மனைவி. அடுத்தவன் கண்ணை நம்பி நான் தொழில் செய்ததில்லை. நானே டிக்கிக்குள் ஏறிப் படுத்து, மூடச் சொன்னேன். விளக்கு அணைந்துவிட்டது. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் வெளியே வாத்தியார் குரல்.

"என்ன மாமி, டிக்கியோட பேசிண்டிருக்கேள்?"

"உள்ள அவிய இருக்காவ."

வாத்தியார் குரலைத் தாழ்த்தி, "சண்டையா?" என்று கேட்டார்.

டிக்கி திறந்தபோது நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். விளக்கு நிரபராதி என்று அறிவித்தேன். இருவரும் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

கடைசியில் பேட்டரிக்காரரையே கூப்பிட்டேன். சிந்தாதிரிப்பேட்டையில் கடை வைத்திருப்பவர். போனில் நான் அவர் பேட்டரியைத் திட்டிய திட்டில், ரோஷத்தோடு வந்து இறங்கினார்.

"பேட்டரி மேல பழி போடாத நைனா. எதுவோ ஒண்ணு குந்திக்கினு கரண்ட்ட குடிச்சிக்கினு கீது. இன்னான்னு பாத்துடலாம்."

முன்பக்க மூடியைத் திறந்து, பேட்டரி வயரைக் கழற்றி, நடுவில் ஒரு மீட்டரைச் சேர்த்தார். கதவெல்லாம் சாத்திவிட்டுச் சும்மா விட்டால் கார் தூங்கிவிடுமாம். தூங்கினால் மீட்டரில் எண் இறங்குமாம். பக்கத்தில் சாவி இருந்தால் தூங்காது, அதைத் தூரமாக அனுப்பு என்றார். என் மனைவி கீரை வாங்க மயிலாப்பூர் மாட வீதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் பையில் சாவியைப் போட்டு அனுப்பினேன்.

எண் இறங்கியது. இறங்கி அப்படியே நின்றது.

"பாத்தியா? கொயந்த மாதிரி தூங்குது. வண்டியிலயும் கோளாறு இல்ல, என் பேட்டரிலயும் கோளாறு இல்ல."

"அப்போ யாருகிட்ட கோளாறு?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மனைவி கீரையோடு திரும்பி வந்து பின்வாசல் வழியாக உள்ளே போனாள். நாங்கள் மோர் குடித்துக்கொண்டிருந்தோம். காரை யாரும் தொடவில்லை. மீட்டரில் எண் விறுவிறுவென்று ஏறியது. கார் விளக்கைச் சிமிட்டியது.

"யம்மாடி, முயிச்சிக்கிச்சு. இன்னா நைனா, வண்டிக்குப் பேய் புட்சிகினு கீதா?"

நான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். "இப்போ என்ன செஞ்ச?"

"என்னத்தச் செஞ்சேன்? கீரையை அடுக்களையில வச்சேன், சாவிய சாமிட்ட வச்சேன். நீங்கதான தெனமும் அங்க வைக்கச் சொல்லுதிய."

பேட்டரிக்காரர் கையை விரித்தார். "வூட்டுக்குள்ளதான கீது? அவ்ளோ தூரம் எட்டாது, உடு."

அங்கேதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டின் சுவர் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கட்டும்போது பூஜை அலமாரி ஆழமாக வேண்டும் என்று மேஸ்திரியைப் படாதபாடு படுத்தினேன். வெட்டு, இன்னும் வெட்டு என்று தலைமாட்டில் நின்றேன். இதுக்கு மேல வெட்டினா சாமி வாசலுக்கு வந்துரும் சார் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் நிறுத்தினேன். அந்த அலமாரிக்குப் பின்னால் இருப்பது காலணா கனத்துக்குப் பூச்சு. அதற்கும் பின்னால், மூக்கைச் சுவரில் உரசிக்கொண்டு, என் கார்.

கடைச் சாவிக் கொத்தை ராத்திரி சாமி காலடியில் வைப்பது என் ஆயுட்கால வழக்கம். கொத்து மகனிடம் போன பிறகு வைப்பதற்கு எனக்கு இருந்தது இந்தக் கூழாங்கல் ஒன்றுதான்.

சாவியை எடுத்துக்கொண்டு இஸ்திரி வண்டி நிற்கிற தெருமுனை வரை நடந்தேன். "தூங்கிச்சு" என்று பேட்டரிக்காரர் கத்தினார். திரும்பி வந்து அலமாரியில் வைத்தேன். "முயிச்சிக்கிச்சு." இன்னொரு முறை போய் வந்தேன். இஸ்திரிக்காரர், "என்ன பெரியவரே, டாக்டர் நடக்கச் சொன்னாரா?" என்று விசாரித்தார்.

சாயங்காலம் மகனிடம் விளக்கினேன். "கடையில நான் கனைச்சா ஆளுங்க எழுந்து நிப்பாங்க இல்ல, அந்த மாதிரிடா. சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளி இருக்காருன்னு நெனச்சு ராத்திரி பூரா வண்டி எழுந்து நின்னிருக்கு. பாவம், எப்போ தூங்கும்?"

அவன் சிரிக்கவில்லை. "வண்டி மட்டுமாப்பா? நீங்க வந்தா கடையிலயும் இதே கததான். எல்லாரும் வேலைய விட்டுட்டு எழுந்து நின்னுடறாங்க. நீங்க கிளம்புற வரைக்கும் ஒரு கரண்டி விக்கல."

நான் தண்ணீர் கேட்டேன். மனைவி கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

சாவியை அடுக்களையில் வை என்றார்கள், மாடியில் வை என்றார்கள். சாமி காலடியை விட்டு அது நகராது என்றேன். எங்கள் கடையின் இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் ஒன்றை எடுத்து, சாவியை உள்ளே போட்டு மூடி, அதே அலமாரியில் வைத்தேன். பேட்டரிக்காரரைத் திரும்ப வரவழைத்து மீட்டரைப் போடச் சொன்னேன். எண் ஏறவில்லை; எவர்சில்வரைத் தாண்டிச் சாவியின் சிக்னல் வெளியே வரவில்லை. கார் அசந்து தூங்கியது. அன்றிலிருந்து ஒரு நாளும் பேட்டரி படுக்கவில்லை. விற்கிற பேச்சை மகன் அதன்பின் எடுக்கவில்லை. நான் இப்போதும் கடைக்குப் போகிறேன். உட்காருங்கள், வேலையைப் பாருங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். அதைக் கேட்பதற்காக எழுந்து நிற்கிறார்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். போனில் எங்கள் குடும்பக் குழுவில் மகன் என்ன எழுதிப் போட்டான் தெரியுமா? மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரே வரி. பூங்காவில் காலை நடையின்போது வாத்தியாரைக் கேட்டால், அவர் வயர் இல்லாவிட்டால் அந்த வண்டியே இல்லை என்கிறார். என் மனைவி, அன்றைக்குத் தான் கீரை வாங்கப் போகாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பிக்கிறாள். பேட்டரிக்காரர் மீட்டர் வைத்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எட்டாது, உடு என்று சொன்னவரும் அவர்தான். சுவரை நினைத்தது நான். தெருமுனைக்கு நடந்தது நான். சம்படம் என் யோசனை.

கெடுத்தவரும் நீங்கள்தானே என்பார்கள். ஆமாம். அலமாரியை வெட்டச் சொன்னதும், சாவியை அங்கே வைத்ததும் நானேதான். அதை யாரும் மறக்கவில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுகிறார்கள். சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பாதியில் நிறுத்தக் கூடாது. கெடுத்ததும் இவர், கண்டுபிடித்ததும் இவர் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். மகன் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு அப்படியே எழுதிப் போடட்டும். எழுத்துக் கூட்டியாவது நானே படித்துப் பார்த்துக்கொள்கிறேன்.