குறட்டைக்கு எந்த ‘ற’

மருத்துவமனையின் உறக்கப் பிரிவில் அவளுக்குக் காதம்மா என்று பெயர். நர்ஸுகள் வைத்தது. இரவில் வந்து படுத்துவிட்டுப் போன நோயாளிகளின் மூச்சைக் கருவி பதிந்து வைத்திருக்கும். பகலில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூச்சு எங்கே தடைபட்டது, எத்தனை விநாடி என்று குறித்துக் கொடுக்க வேண்டும். பதினாறு வருடமாக இதே வேலை. லாரி டிரைவர் முதல் நீதிபதி வரை தூக்கத்தில் எப்படி உறுமுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். விழித்திருக்கும்போது அவர்கள் பேசி அவள் கேட்டதில்லை.

வீட்டிலும் பேச்சுக்கு ஆளில்லை. கல்யாணம் கூடிவரவில்லை, அம்மா போய்ச்சேர்ந்து ஒன்பது வருடம். அக்கா ஒருத்தி, விமானம் ஏறிப் போகிற தூரத்தில். ஒற்றை ஆளுக்குச் சமைக்கக் கை வராமல் இரண்டு பேருக்குச் சமைத்து, மறுநாளும் அதையே சாப்பிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை டைப்பிஸ்ட் பெண் புதுப் படிவத்தோடு வந்து நின்றாள்.

“காதம்மா, டாக்டர் திட்டுறார். குறட்டைக்குச் சின்ன ‘ர’ போட்டுட்டேனாம். நீங்க தினமும் அதோடதான் குடித்தனம் நடத்துறீங்க. சொல்லுங்க, எந்த ‘ர’?”

“பெரிய ‘ற’தான்.”

“ஏன்?”

ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. மதியம் இருவரும் நூலக அறையில் தடித்த அகராதியைப் புரட்டினார்கள். தூக்கத்தில் மூச்சு எழுப்பும் ஒலி என்று ஒரு பொருள். அதே பெயரில் ஒரு கொடியும் உண்டாம். சொல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒரு வரி இல்லை.

“பக்கத்துலயே குறடு இருக்கே,” என்றாள் டைப்பிஸ்ட். “ஆணி புடுங்குற குறடு. புருஷன் மூக்கை அதால புடிக்கணும்னு எவளாவது நினைச்சிருப்பா. அங்கேர்ந்து வந்திருக்கும்.”

காதம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் காது வேறு சொன்னது. “மெதுவா சொல்லிப் பாரு. ‘குற’ன்னு மூச்சை இழுக்குது. ‘ட்’டுல தொண்டை அடைச்சுக்குது. அப்புறம் வெளிய விடுது. பக்கத்துல படுத்து, தூக்கம் வராம கேட்டுக்கிட்டு இருந்தவங்கதான் இந்த வார்த்தையைச் செஞ்சிருக்கணும். விடுறவங்களுக்குத்தான் தெரியாதே.”

“வாஸ்தவம். எங்க வீட்டுக்காரர் விடவே மாட்டேன்னு சத்தியம் பண்ணுவார். நீங்க விடுவீங்களா?”

போகிற போக்கில் கேட்டுவிட்டு, படிவத்தைத் திருத்த அவள் போய்விட்டாள். காதம்மா அகராதியை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தெட்டு வயது. இந்தக் கேள்விக்கு யாரைக் கேட்டுப் பதில் சொல்வது?

அன்று ஒரு கருவியை வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டிக்கொண்டு தூங்கினாள். மறுநாள் காலை, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனில் தன் மூச்சையே கேட்டாள். முதலில் யாரோ பெரியவருடையது மாதிரி இருந்தது. பழக்க தோஷத்தில் பென்சிலை எடுத்துக் குறித்தாள். பத்து விநாடி. பதினான்கு. இருபத்திரண்டு. அங்கே பென்சில் நின்றுவிட்டது.

தாளைப் பார்த்த டாக்டர் கேட்டார்: “எத்தனை வருஷமா இருக்கு?”

“தெரியல சார்.”

“வீட்ல யாரும் சொல்லலையா?”

“இல்ல சார்.”

அவர் பேனாவை மூடினார். “பழைய ஆள் யாரையாவது விசாரிச்சுச் சொல்லுங்க,” என்றார்.

சனிக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டாள்.

“ஏழு வயசுலேர்ந்தே விடுவியேடி,” என்றாள் அக்கா. “ஒரே பாய்லதானே படுத்தோம். காலால ஒரு இடி இடிச்சா நிறுத்துவ. கல்யாணமாகி வந்த புதுசுல அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரல.”

“ஏன்க்கா சொல்லவே இல்ல?”

“அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. பொண்ணு குறட்டை விடும்னு தெரிஞ்சா எவன் கட்டிக்குவான்னு.”

காதம்மா போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு அக்கா, “குக்கர் சத்தம் போடுது. வெச்சிரட்டுமா?” என்றாள்.

மூச்சு தடைபடாமல் காற்றைத் தள்ளும் கருவியை டாக்டர் அவளுக்கும் எழுதிக் கொடுத்தார். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கப் பழகப் பத்து நாளானது. வருடக்கணக்காகக் காலையில் எழுந்ததும் இருந்த தலைவலி போயிற்று. அக்கா இனி அடிக்கடி கூப்பிடுவாள் என்று அடுத்த சனிக்கிழமை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை காதம்மாவே கூப்பிட்டாள்.