பட்டிப்பய

மட்டாஞ்சேரி ஓட்டலில் பரோட்டா போட்ட சுடலைமுத்துவின் குரலில் மயங்கி, ராக் குழு நடத்திய ஜிதின் அவனைப் பாட இழுத்துப்போனான்.

ஊர் நினைப்பில் சுடலைமுத்து கட்டிய வரி, "பட்டிப்பய நான்டா." மலையாளத்தில் பட்டி என்றால் நாய்.

"சிரிப்பாங்களே, மாத்திரவா?" என்று அவனே கேட்டான்.

"தமிழ்ப் பாட்டல்லே அண்ணாச்சி, ஆரு சிரிக்கான்!" என்றான் ஜிதின், தேன் ஒழுக.

2003இல் வந்த குறுந்தகட்டின் அட்டையில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டிருந்தது. பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. மேடைக்கு மேடை பையன்கள் குரைத்தார்கள். அவன் பகலில் பரோட்டா போட்ட ஓட்டலுக்கும் வந்து குரைத்தார்கள். முதலாளி அவனை விரட்டிவிட்டார்.

கலூர் மேடைக்குப் பின்னால் ஜிதின் நாய்க்குக் கட்டும் கழுத்துப்பட்டையோடு வந்தான்.

"ஆள்க்காருக்கு இஷ்டப்படும், அண்ணாச்சி."

வேறு பிழைப்பில்லாத சுடலைமுத்து கழுத்தை நீட்டினான்.

"ஒரு ஓட்டை தளத்திப் போடுங்க தம்பி. குரல் வரணும்ல?"